சாம்பிராணிக் கம்பங்கள்

"சார், உள்ள போவணுமா, இல்ல போயிட்டு வந்துட்டோமா?"

செண்பகக்கனிதான் கேட்டாள். கொம்பனூத்துச் சரணாலயத்தின் இரும்புக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் அறிந்தவரை, கண் இமைப்பதற்கு முன்னால் அது அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

"கையைப் பாருங்க அக்கா," என்றார் எபனேசர்.

பார்த்தாள். உள்ளங்கையில் கொப்புளங்கள் வெடித்துக் காய்ந்திருந்தன. முழங்கை வரை உண்ணிச்செடி முள் கிழித்த கோடுகள்.

"அப்போ வேல முடிஞ்சிட்டு."

"முடிஞ்சிட்டு. பத்து நாள் ஆச்சு. காட்டுத்தீ பரவாம தீக்கோடு வெட்டியாச்சு, தண்ணித் தொட்டியெல்லாம் கழுவியாச்சு. அப்படித்தான் இருக்கணும். எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

பின்னால் வந்த பூலம்மா சிரித்தாள். "பத்து நாள் சோறு தின்னுருக்கேன், என்ன குழம்புன்னு தெரியல. சாம்பிராணிக் காடுன்னு சும்மாவா பேரு வச்சானுவ? உள்ள போயிட்டு வந்தா அம்புட்டுப் பேரும் மட சாம்பிராணிதான்."

"சிரிக்காதீங்க. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிருதேன்," என்றார் எபனேசர். காட்டைச் சுற்றி நிற்கும் கம்பங்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெளியே வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் இதை அவர் ஒப்பித்தாக வேண்டும். "கம்பத்துலருந்து ஒரு வாசனை வருது. அந்த வாசனைக்குள்ள இருக்கும்போது மனசுல பதிஞ்சது எல்லாம், அந்த வாசனை இருக்கற வரைக்கும்தான் நிக்கும். வெளிக் காத்து பட்டதும் கரைஞ்சிரும். திரும்ப உள்ள போனாலும் வராது. அதுக்கு முந்தி உள்ள ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகாது. யாரும் பயப்பட வேண்டாம்."

"எதுக்கு சார் இந்தக் கூத்து?" என்று கேட்டான் முதல் தடவையாக வேலைக்கு வந்த ஒருவன்.

"எறும்பு தின்னுற அழுங்கு எங்க குழி பறிக்குன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் வெளிய நடமாடினாலும் மறுநாள் அழுங்கு இருக்காது. செதிலுக்காகப் பிடிச்சிட்டுப் போயிருவான். இப்ப தெரிஞ்சவன்னு ஒருத்தனும் இல்லை."

"இப்ப அழுங்கு நெறைய இருக்கா?"

"இருக்கும்னு சொல்லுதாங்க. யாரு பாத்தது?"

செண்பகக்கனி சிரிக்கவில்லை. தான் எதற்காக உள்ளே போனோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், எங்க மதினி வந்துட்டாளா?"

எபனேசர் கதவின் பூட்டைப் பார்த்தார். "போனவங்கதான் அக்கா வந்திருக்கீங்க. கூட ஒருத்தரும் வரல."

போன மாசியில் இதே பராமரிப்பு வேலைக்கு, இதே கூட்டத்தோடு உள்ளே போனவள் ஆவுடைத்தங்கம், செண்பகக்கனியின் அண்ணன் மனைவி. எல்லாரும் வெளியே வந்தார்கள், அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கூடப் போனவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கதவைத் தாண்டிவிட்டார்கள். தேடுவதற்கு ஆள் அனுப்பினார்கள். அவர்களும் திரும்பி வந்து, "தேடப் போகணுமா, தேடிட்டு வந்துட்டோமா?" என்றார்கள். உள்ளேயே குடியிருக்கும் காவலர்கள் சிலர் உண்டு. ஆனால் உள்ளேயிருந்து ஒரு சேதியும் வெளியே வரக் கூடாது என்பதுதான் சட்டமே. காகிதம், போன், கையில் எழுதிய எழுத்து, எல்லாவற்றையும் கதவில் பார்த்துப் பிடுங்கிவிடுவார்கள். "உள்ளே இருந்தால் பத்திரமாகத்தான் இருப்பார்," என்று மேலிடத்தில் சொன்னார்கள்.

அதனால் இந்த வருஷம் செண்பகக்கனியும் அவள் அம்மா பிச்சம்மாளும் கூடிப் பேசி ஒரு வழி செய்திருந்தார்கள். மதினியை உயிரோடு பார்த்தால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. இறந்துவிட்டாள் என்று தெரிந்தால் இரண்டு. பார்க்கவே இல்லையென்றால் ஒன்றுமில்லை. பெண்கள் முந்தானையில் எதையாவது முடிந்துவைத்திருப்பது வழக்கம்தான் என்பதால், கதவில் சோதனை போடும் பெண் காவலர் முடிச்சை அமுக்கிப் பார்ப்பாரே தவிர அவிழ்க்கமாட்டார்.

அவள் முந்தானையை இழுத்துப் பார்த்தாள்.

நுனியில் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. அதை ஒட்டி, ஊசியால் போட்டது போலச் சின்னதாக இன்னொரு முடிச்சு.

"ரெண்டா? ஒண்ணா?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

"என்னத்தட்டி எண்ணுதே?" என்றான் பக்கத்தில் வந்து நின்ற அண்ணன் நம்பிராஜன்.

நிமிர்ந்தவள் திடுக்கிட்டாள். பொண்டாட்டி திரும்பக் கிடைக்கும் வரை முகத்தில் கத்தி வைப்பதில்லை என்று மாடசாமிக்கு நேர்ந்துகொண்டவன். நெஞ்சு வரை தாடியோடு உள்ளே போனவன். அவன் கன்னம் மழமழவென்று இருந்தது.

"அண்ணே, தாடி எங்க?"

நம்பிராஜன் கன்னத்தைத் தடவினான். இரண்டு கையாலும் தடவினான். "ஏட்டி," என்றான், "எனக்கு யாரு செரச்சா?"

*

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு முடிச்சு. ரெண்டுன்னா என்னன்னு பேசினோம்?" என்று கேட்ட பிச்சம்மாள், பதில் வருவதற்குள் சுவரில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள். மகனுக்குக் கடையத்தில் வேறு பெண் பார்த்து வைத்திருப்பவள் அவள்தான். அதற்காக அழுகை பொய்யில்லை.

"ரெண்டும் ஒரே அளவா இல்லியே எம்மா. நான் ரெண்டு போடணும்னு போட்டிருந்தா இப்படியா போட்டிருப்பேன்?"

"கை நடுங்கியிருக்கும்."

"அண்ணன் மொகத்தைப் பாரு. செத்தவளுக்காக மழிச்சிருந்தா மீசையையும்லா எடுத்திருப்பான்? மீசை இருக்கு. கத்திரி போட்டுச் சீரா ஒதுக்கிவேற விட்டிருக்கு. அவ கையாலதான் ஒதுக்கியிருப்பா."

நம்பிராஜன் கண்ணாடியை வாங்கி மீசையைப் பார்த்தான். அது வேறு யாருடையதோ மாதிரி பார்த்தான்.

"உசுரோட இருந்தா ஏன் வரல?" என்றாள் பிச்சம்மாள். "கதவு தெறந்துதானே கெடந்துச்சு? நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர வேண்டியதுதானே? வர மாட்டேன்னு சொல்லிட்டாளோ? என்னால சொன்னாளோ?"

மலடி என்று பிச்சம்மாள் மருமகளைச் சொன்னதில்லை. ஆனால் யாராவது சொன்னால் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"சரி, அந்தச் சேலையைக் கழத்திப் போடு. காட்டு நாத்தம்."

செண்பகக்கனி சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். பிச்சம்மாள் அதை வாளியில் முக்கப் போனவள், முக்காமல் மூக்கருகே கொண்டுபோனாள். தோளில் கிடக்கும் பகுதியை மட்டும் தனியாக எடுத்து மறுபடியும் மோந்தாள்.

"செம்பகம், இங்க வா. இந்த எடத்துல என்ன பட்டுச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளையாக் காஞ்சிருக்கு பாரு. இது பால் கக்குன வாசம். உங்க ரெண்டு பேரையும் தோள்ல போட்டுத் தட்டினவளுக்கு இந்த வாசம் மறக்குமா?" மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கன்னத்தில் மெல்லிய சிவப்புக் கீறல்கள். "இது முள்ளு இல்ல. முள்ளு இவ்வளவு நைசாக் கிழிக்காது. இது நகம். பூ நகம்."

நம்பிராஜன் கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"போன மாசியில," என்றான் நம்பிராஜன் மெதுவாக, "உள்ள போறதுக்கு முந்தின வாரம், நாள் தள்ளிப் போயிருக்குன்னா. எத்தன தடவ ஏமாந்தாச்சு, இப்ப யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னா. நானும் சொல்லல."

செண்பகக்கனி ஈரமாகாத முந்தானையைத் தேடி எடுத்தாள். பெரிய முடிச்சைத் தொட்டாள். "இது மதினி," என்றாள். அப்புறம் அந்தச் சின்ன முடிச்சு. அதைத் தொடவே பயமாக இருந்தது. "இது, அண்ணே, இது..."

"பெத்திருக்கா," என்றாள் பிச்சம்மாள். "அந்தக் காட்டுக்குள்ள, ஒரு சுக்குத் தண்ணி வச்சுக் குடுக்க ஆளில்லாம, பெத்திருக்கா!" எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "கடையத்துக்காரங்களுக்கு நாளைக்கே ஆள் அனுப்பி வேண்டாம்னு சொல்லிருதேன். நீங்க போய் அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. போங்க."

"எம்மா," என்றாள் செண்பகக்கனி, "நாங்க போயிட்டுதான் வந்திருக்கோம். பத்து நாள் அங்கதான் இருந்திருக்கோம். பிள்ளையத் தூக்கியிருக்கேன். தோள்ல போட்டுத் தட்டியிருக்கேன். பொறவு ஏன் கூட்டிட்டு வரல?"

*

மறுநாள் காலையில் எபனேசர் கதவருகே உட்கார்ந்து, கம்பங்களில் ஊற்ற வேண்டிய மருந்தைப் பெரிய கேனிலிருந்து சின்ன கேன்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கோடை தொடங்குமுன் கம்பங்களை நிரப்புவதுதான் பருவ வேலையில் கடைசி.

"சார், சும்மா ஒண்ணு கேக்கேன்," என்றாள் செண்பகக்கனி. "உள்ள ஒரு பிள்ள பொறந்தா என்ன ஆகும்?"

எபனேசர் கேனை நிமிர்த்தி வைத்தார். "யாரு பொறந்திருக்கா?"

"யாரும் பொறக்கல. சும்மாதான்."

"நானும் அப்ப சும்மாதான் சொல்லுதேன்." அவர் நம்பிராஜனின் கன்னத்தைப் பார்த்தார், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். "உங்களுக்குக் காட்டுக்கு வெளிய ஒரு வாழ்க்கை இருக்கு. உள்ள நடந்தது கரைஞ்சாலும் இது நிக்கும். அங்கேயே பொறந்த பிள்ளைக்கு வெளியன்னு ஒண்ணு கெடையாது. அம்மா மொகம், பால் குடிக்கத் தெரியறது, சத்தம் கேட்டாத் திரும்பறது, சிரிக்கறது, எல்லாமே அந்த வாசனைக்குள்ள பதிஞ்சது. அதை வெளிய கொண்டு வந்தா..."

"வந்தா?"

"கண்ணு தெறந்திருக்கும் அக்கா. உள்ள யாரும் இருக்க மாட்டாங்க."

நம்பிராஜன் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"கம்பத்தை அணைச்சிட்டா?" என்றாள் செண்பகக்கனி. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அணைச்சு வச்சா?"

"அணைச்சா வாசனை போயிரும். வாசனை போனா உள்ள இருக்கறவங்க எல்லாருக்கும் அதே கதிதான். வெளிய வந்த மாதிரிதான். இதைச் செஞ்சவங்க அழுங்கைப் பத்தி யோசிச்சாங்க, திருடனைப் பத்தி யோசிச்சாங்க. காட்டுக்குள்ள பிள்ள பொறக்கும்னு யாரும் யோசிக்கல."

"பெரிசா வளர்ந்த பொறவு?"

"வளர வளர இன்னும் கூடத்தானே பதியும்? இழக்கறதும் கூடும்."

"பெத்தவ மட்டும் வந்தா?"

"பிள்ளையையே மறந்துருவா. பெத்ததே தெரியாது."

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. மதினி ஏன் வரவில்லை, இவர்கள் ஏன் கூட்டி வரவில்லை, எல்லாம் தெளிவாகிவிட்டது. நம்பிராஜனுக்கு மட்டும் ஒன்று தெளியவில்லை.

"அப்ப நான் ஏன் வந்தேன்?" என்றான்.

"என்னண்ணே?"

"நான் நின்னுருக்கலாம்லா? பொண்டாட்டி உள்ள இருக்கா. பிள்ள உள்ள இருக்கு. கதவைத் தாண்டினா ரெண்டும் மறந்துரும்னு தெரிஞ்சே தாண்டியிருக்கேன். எதுக்கு?"

"அம்மாட்ட சொல்லிட்டுப் போவ வந்திருப்பே."

"சொல்ல வந்தவன் என்ன சொல்லணும்ங்கறதை மறந்துதானே வருவான்? அது எனக்குத் தெரியாதா?"

"கடையத்துப் பொண்ணு விவகாரத்தை நிறுத்த வந்திருப்பே. பிள்ளைக்குத் துணிமணி வாங்க வந்திருப்பே. எண்ணெய், மருந்து... எல்லாத்துக்கும்தான் வந்தேன்னு வச்சுக்கோயேன்."

"இல்ல," என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க இருக்கப் பிடிக்காம வந்துட்டேனோ? ஆயுசு பூராவும் இந்தக் காட்டுக்குள்ளயான்னு நெனச்சு, மறந்தாத் தேவலைன்னு வந்துட்டேனோ? அப்படி நெனச்சிருந்தா அதையும்தானே இப்ப மறந்திருப்பேன்? நான் யாருன்னு எனக்கே தெரியலட்டி."

செண்பகக்கனி யோசித்துப் பார்த்தாள். அண்ணனை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். ஆனால் அந்தப் பத்து நாள் அண்ணனை அவளும் பார்த்ததில்லை.

"ஓடி வந்தவன்னா தாடியோட வந்திருப்பே," என்றாள் கடைசியில். "மறக்கணும்னு நெனச்சவன் மொகத்தை மழிச்சு அடையாளம் வச்சிட்டா வருவான்? நீ திரும்பப் போவத்தான் வந்திருக்கே."

அவன் அதை நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் எழுந்தான்.

"சார், கம்பம் நிரப்ப ஆள் வேணுமா?"

"வேணும் அண்ணாச்சி," என்றார் எபனேசர். "நாளைக்கு. ரெண்டு பேர். ஒரு நாள் வேலைதான்." கேனின் மூடியைத் திருகினார். "சாயங்காலம் ரெண்டு பேரும் திரும்பி வரணும். வராட்டா நான் மேல சொல்லணும். சொன்னா, தேட ஆள் அனுப்புவாங்க."

"அனுப்பட்டும்," என்றான் நம்பிராஜன். "தேடிட்டு வந்து என்ன சொல்லப் போறாங்க?"

எபனேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கேனை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

*

பிச்சம்மாள் ஒரு பை நிறையக் கட்டிவைத்திருந்தாள். வசம்பு, விளக்கெண்ணெய், பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், மருமகளுக்குப் பிரசவ லேகியம். உள்ளே எதைக் கொண்டுபோனாலும் யாரும் கேட்பதில்லை. வெளியே வருவதைத்தான் கேட்பார்கள். மகனின் தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்க நேரமாயிற்று. "தலைக்கு எண்ணெய் வை. சளி பிடிச்சா அசட்டையா இருக்காதே," என்றாள். அவன் வேலைக்கு வெளியூர் போகும்போது சொல்வது அதேதான்.

"நீயும் வாயேம்மா. பிள்ளைய ஒரு தடவ கையில ஏந்திப் பாத்துட்டு வா," என்றாள் செண்பகக்கனி.

"எனக்கு ஆகாது. உள்ள வந்துட்டா நான் திரும்ப மாட்டேன். திரும்பினா மறந்துருவேன். ரெண்டுல எதுவானாலும் எனக்குத் தாங்காது. நீ பாத்துட்டு வா. ஆணா பொண்ணான்னு மட்டும் வந்து சொல்லு, போதும். பொண்ணுன்னா ஒரு முடிச்சு, ஆணுன்னா ரெண்டு. ரெண்டையும் ஒரே அளவாப் போட்டுத் தொலை."

அதற்குமேல் பிச்சம்மாள் கதவுப் பக்கம் வரவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கதவு திறந்தது. நம்பிராஜன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். செண்பகக்கனி மருந்துக் கேனைத் தூக்கிக்கொண்டு, அண்ணனின் முதுகைப் பார்த்தபடி, கதவின் கோட்டுக்கு மேல் காலை எடுத்து வைத்தாள்.

வெயில் சட்டென்று மேற்கே போயிருந்தது.

கதவு பின்னால் இருந்தது. கையில் கேன் இல்லை. பக்கத்தில் அண்ணன் இல்லை. தொண்டை கட்டியிருந்தது. நிறைய நேரம் பேசினது போல, அல்லது பாடினது போல, அல்லது அழுதது போல. இடது கை இடுப்பருகே மடங்கியே இருந்தது. அதை அவள் கீழே தொங்கவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அது தானாக மடங்கிக்கொண்டது.

"ஒருத்தர்தான் வந்திருக்கீங்க," என்றார் எபனேசர், பொதுவாக.

"ஆமா."

"சேலை எங்க?" என்றார் சோதனை போடும் பெண் காவலர்.

அப்போதுதான் பார்த்தாள். முந்தானையே இல்லை. தோளுக்கு மேல் போட வேண்டிய நீளம் முழுவதையும் யாரோ நேராகக் கிழித்து எடுத்திருந்தார்கள். மேலே வேலைக்குப் போடும் பச்சைச் சட்டை இருந்ததால் மானம் தப்பியது. கிழிசல் ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. நிதானமாகக் கிழித்த கிழிசல். தொட்டில் கட்டும் அளவுக்கான துணி.

"முள்ளுல மாட்டிட்டு," என்றாள் செண்பகக்கனி.

"இவ்வளவு நீளமா?"

"பெரிய முள்ளு."

அந்தப் பெண் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

எபனேசர் சாலை வரை கூட நடந்து வந்தார். யாரும் இல்லாத இடத்தில் கேட்டார். "அக்கா, ஆணா பொண்ணா?"

"முடிச்சுப் போட முந்தானை இல்லியே சார்." அவள் வெறும் தோளைத் தடவினாள். "பாத்திருப்பேன். குளிப்பாட்டியிருப்பேன். தெரியல."

"அம்மா கேப்பாங்களே?"

"கேப்பா."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லிருங்க. பாதிக்குப் பாதி சரியா இருக்கும்."

"அம்மாட்டயா? பொய்யா?"

எபனேசர் அங்கேயே நின்றுவிட்டார். அவள் தனியாக நடந்தாள். தெரியவில்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். ஆடியில், மழைக்கு முன்னால், மறுபடி தொட்டி வேலை வரும். அப்போது வேறு ஏதாவது அடையாளம் யோசித்துக்கொண்டு போகலாம்.

பஸ் நிறுத்தத்தில் பிச்சம்மாள் எழுந்து நின்றாள். மகன் வரவில்லை என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டிருந்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகளின் தோளைப் பார்த்தாள். முந்தானையைத் தேடினாள்.

"என்ன பிள்ளட்டி?"

"பொம்பளப் பிள்ள," என்றாள் செண்பகக்கனி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"முடிச்சு ஒண்ணையும் காணோம். எப்படித் தெரியும்?"

செண்பகக்கனி தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒரு முகம், ஒரு சத்தம், ஒரு பெயர். அங்கே ஒன்றுமே இல்லை. கதவு திறந்ததும், வெயில் மாறியதும்தான் இருந்தன.

"தெரியலம்மா," என்றாள். "ஆனா பொம்பளப் பிள்ளதான்."